சாமி ரூம் லைட்டும் நீ செய்த சோலார் பேனலும்

தம்பி, முதலில் உட்கார். ஒரு கையில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே பாதி படித்துவிட்டு, "சரிம்மா, புரிஞ்சிருச்சு" என்று மடித்து வைக்கிற கடிதம் இல்லை இது. போனில் சொல்லலாம் என்று நான்கு தடவை வாயைத் திறந்தேன். நான்கு தடவையும் நீ "வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். வாய்ஸ் மெசேஜ் போடேன் என்றார் உன் அப்பா. போட்டால் நீ என் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாயாம், நீ கட்டிக்கொள்ளப் போகிற கவிதாவே சிரித்துக்கொண்டு சொன்னாள். பெற்றவள் பேச்சை விரட்டி விரட்டிக் கேட்கிற பிள்ளைக்கு எழுதித்தான் அனுப்ப வேண்டும். காகிதத்தை வேகமாக ஓட்ட முடியாது. இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். கவிதாவும் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். என் மானம் போனால் போகட்டும்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள், வருகிற சனிக்கிழமை, நீ ஜொகூரிலிருந்து காடியை ஓட்டிக்கொண்டு வந்து, உன் கையாலேயே செய்த நான்கு சோலார் பேனல்களை சுங்கை பாக்காப்பில் கவிதா வீட்டுக் கூரையில் மாட்டப் போகிறாய். அவள் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷினோடுதான் அவருக்குப் பாதி நாள் போகிறது. பெரிய மழையும் இடியும் வந்தால் அந்தப் பக்கம் கரண்ட் போய்விடுகிறது. அந்த நேரத்துக்கென்று ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். "என் பேனல் வந்தப்புறம் சிலிண்டர் எதுக்கு மாமா, திருப்பிக் குடுத்துருங்க" என்று நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். அந்தச் சிலிண்டர் அங்கேயே இருக்க வேண்டும். சனிக்கிழமை போய் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசாதே. காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். நீ அதுவரை எழுந்து போகக் கூடாது.

இந்தப் பைத்தியம் உனக்கு இன்று நேற்று பிடித்ததா? பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் எங்கிருந்தோ ஒரு செப்புத் தகட்டைக் கொண்டு வந்தாய். நான் தவணையில் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கரண்ட் அடுப்பின் மேல் அதை வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் சுட்டாய். தகடு சிவந்து, ஊதாவாகி, கடைசியில் கருகிய தோசையாகக் கிடந்தது. ஆறட்டும் என்று காத்திருந்து, கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு. "இதுதாம்மா செல்லு" என்றாய். வெட்டிய மினரல் வாட்டர் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தகட்டையும் சுடாத தகடு ஒன்றையும் எதிரெதிராக இறக்கி, வாசலில் வெயிலில் வைத்து மீட்டரைத் தொட்டாய். முள் ஒரு நூல் அளவு நகர்ந்தது. உன் அப்பா காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "இந்தக் கரண்ட்ல ஒரு எறும்பு வீட்டுக்குக்கூட லைட் போட முடியாதுலா" என்றார். உனக்கு முகம் சுருங்கிப் போனது. நான் உடனே, "நல்லாத்தான் இருக்கு, முள்ளு நகருதுல்ல" என்றேன். அடுப்பின் மேல்தட்டு வெடித்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் முதல் தப்பு அங்கேதான் ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் கண்ணாடித் துண்டுகளோடு வந்தாய். இந்தத் தடவை வெள்ளைப் பொடியைக் குழைத்துக் கண்ணாடியில் பூசி, அதைச் சாயத்தில் ஊற வைக்க வேண்டுமாம். சாயத்துக்கு எங்கே போனாய்? வெள்ளிக்கிழமைப் பூசைக்கு என்று நான் பறித்து வைத்த சங்குப்பூவை எல்லாம் எடுத்து அரைத்துவிட்டாய். முருகனுக்கு அன்றைக்குத் துளசிதான். இன்னொரு கண்ணாடியில் பென்சிலால் கிறுக்கி, நடுவில் அயோடின் சொட்டு விட்டு, இரண்டையும் கிளிப் போட்டுப் பிடித்தாய். ஒரு வாரத்தில் அது காய்ந்து வெளிறிப் போனது. அப்போதும் நான் என்ன சொன்னேன்? "கலர் அழகா இருந்திச்சி தம்பி." காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கையாவது குஞ்சு பறக்காதபோது பறக்கிறது என்று ஊரில் போய்ச் சொல்லாது.

இதைச் சொல்கிறவள் யார் என்று யோசித்துப் பார். பாயான் லெப்பாஸ் சிப் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்ட வைத்து உனக்குச் சோறு போட்டவள். என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். மயிரிழை விரிசல், ஒரு பொட்டு அழுக்கு, கோணலான கம்பி, எது இருந்தாலும் அதன் மேல் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பேன். சிவப்புப் புள்ளி வாங்கியது வெளியே போகாது. குறை இல்லாத டிரேயில் என் நம்பரைக் குத்தி அனுப்புவேன். ஒரு தடவை மாசக் கடைசியில் சூப்பர்வைசர் வந்து என் தோள் பக்கத்தில் நின்றுகொண்டு, "இத மட்டும் விட்ருலா, கஸ்டமர் இவ்ளோ உத்துப் பாக்க மாட்டான்" என்றார். "நான் பாத்துட்டேனே சார்" என்றேன். அந்த மாதம் எனக்கு ஓவர்டைம் கிடைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளை கொண்டு வந்ததை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணினேன். கேட்டால் தாய்ப்பாசமாம். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

பாலிடெக்னிக் முடித்துச் சேர்ந்த வேலையிலிருந்து உன்னை நிறுத்தினார்களே, அந்த மூன்று மாதத்தை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. உன்னோடு சேர்த்துப் பலரைத்தான் அனுப்பினார்கள், ஆனால் நீ என்னவோ உன்னை மட்டும் பொறுக்கி எடுத்துச் சிவப்புப் புள்ளி வைத்ததாக நினைத்துக்கொண்டு ரூமில் படுத்துவிட்டாய். ஜன்னலைத் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்தால் பாதி திரும்பி வரும். எதிர்த்துப் பேசினாலாவது பரவாயில்லை, அதுவும் இல்லை. உன் அப்பா டாக்சி ஓட்டிவிட்டு வந்ததும் முதலில் உன் ரூம் கதவில்தான் காதை வைத்துக் கேட்பார். அப்புறம் ஒரு நாள் ஒரு பார்சல் வந்தது. உடைந்த சோலார் செல்கள். முழுசாக இருப்பது விலை அதிகம், ஓரம் உடைந்ததைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள் என்றாய். மூன்று மாதத்தில் நீ சேர்ந்தாற்போல் பேசிய முதல் வாக்கியம் அது.

சாப்பாட்டு மேசையை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். அப்பளத்தை விட மெல்லியதாக இருந்தது ஒவ்வொரு செல்லும். அதன் முதுகில் தகர ரிப்பனை வைத்துச் சோல்டரிங் பண்ணி, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, முப்பத்தாறை வரிசையாக அடுக்கினாய். ஒன்று உடைந்தால் மொத்த வரிசையையும் பிரிப்பாய். பழைய ஜன்னல் கண்ணாடியை மேலே மூடி, சுற்றிலும் சிலிக்கோன் பூசி, சமையலறைத் தகரக் கூரையில் ஏற்றினாய். ஏற்றுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "நீ பாத்துச் சொல்லும்மா, நீதான் எக்ஸ்பர்ட்" என்றாய். பூதக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். மூன்று செல்லில் விரிசல். ஒரு மூலையில் சிலிக்கோன் சரியாக ஒட்டவில்லை. பினாங்கு மழைக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். குளித்திருந்தாய், தலை சீவியிருந்தாய். "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம், கூரையிலிருந்து வந்த ஒயர் பேட்டரிக்குப் போய், பேட்டரியிலிருந்து சாமி ரூமுக்குப் போய், முருகன் படத்துக்கு மேல் அந்தச் சின்ன லைட் எரிந்தது. நீ இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாய். உன் அப்பா எழுந்து போய் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார்.

இரண்டு மாதத்தில் ஜொகூரில் வேலை கிடைத்துப் போனாய். போன நாளிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு உன் போன். "அம்மா, லைட் எரியுதா?" "எரியுதுடா." "சரிம்மா." இதுதான் பேச்சு. சில நாள் இதற்கு மேல் இரண்டு வார்த்தை வரும், பல நாள் வராது. சரி, கூப்பிடுகிறானே, அதுவே போதும் என்று இருந்தேன். மழைக்காலம் ஆரம்பித்தது. லைட் மங்கியது. ஒரு நாள் ஆறு மணிக்கே கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்து போனது. உன் அப்பாவை ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் வேர்த்திருந்தது, ரிப்பன் எல்லாம் பச்சை பூத்திருந்தது, நான் பார்த்த விரிசல் ஒன்று நீண்டு அதன் ஓரத்தில் பழுப்பாகச் சூட்டுக்கறை. அவர் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கி வரவும் மணி ஏழு ஆகவும் சரியாக இருந்தது. போன் அடித்தது. "அம்மா, இங்க புது எடம், ஒண்ணும் புடிக்கல. லைட் எரியுதா?" என்றாய். இருட்டில் நின்றுகொண்டு, "எரியுதுடா" என்றேன்.

ஒரு பொய்யோடு விட்டிருந்தால் அது பொய். நான் அதற்குச் சோறு போட்டு வளர்த்தேன். தீபாவளிக்கு நீ வருகிறாய் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் அப்பாவிடம் டாக்சி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பழைய சார்ஜர் ஒன்று இருந்தது. அதை எடுத்துச் சுவர் பிளக்கில் மாட்டி, உன் பேட்டரியில் கொடுத்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சார்ஜரில் இருந்த சின்ன விளக்கு வெளியே தெரியாதபடி கறுப்பு டேப்பும் ஒட்டினேன். நீ வந்தாய், சாமி ரூமில் எட்டிப் பார்த்தாய், சிரித்தாய். மறுநாள் ஏணியை எடுக்கப் போனாய். "முறுக்கு சுடுறேன், வந்து பிழி" என்று உன்னை இழுத்து உட்கார வைத்தேன். அந்த வருஷம் ஏன் அவ்வளவு முறுக்கு என்று உன் அப்பாவுக்குத்தான் தெரியும். நீ போன பிறகும் சார்ஜரை எடுக்கவில்லை. எடுத்தால் ஏழு மணிக்கு என்ன சொல்வது? தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் பிளக்கைப் போடுவேன், நாலு மணிக்கு எடுப்பேன். "சூரியன் செய்யாத வேலைய நீ செஞ்சுகிட்டு இரு" என்பார் உன் அப்பா. "சும்மா இருங்க" என்பேன். இப்படியே இரண்டு வருஷம்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. நிறைய இருக்கிறது. இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை வீட்டுக்கு வந்தாய்? ஒரு தடவையாவது கூரையில் ஏறினாயா? நான் முறுக்கைக் காட்டினால் ஏணியை விட்டுவிடுவாயா? மீட்டர் வைத்திருக்கிறாய், பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாயா? லைட் எரிகிறதா என்று மட்டும் பார்த்தாய். எரிந்தால் போதும். உடைந்த செல்லில், ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே, இவ்வளவு மழையில், ஒரு நாள்கூட நிற்காமல் எப்படி எரிகிறது என்று ஒரு என்ஜினியருக்குச் சந்தேகம் வரவேண்டாமா? உனக்கு வரவில்லை. ஏன் என்றால் அந்தப் பதில் உனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், அதில் நீ சோற்றைக் கிளறிப் பார்க்காதவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதெல்லாம் நம் வீட்டுச் சாமி ரூமோடு போயிருந்தால் நான் சாகிற வரை சார்ஜர் போட்டுக்கொண்டே இருந்திருப்பேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? நம் தண்ணீர்ப் பந்தலில் நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கவிதா அவள் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். படி ஏற முடியாது, கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று வந்த மனுஷன். நீ அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உன் பேனல் கதையை ஆரம்பித்தாய். "ரெண்டு வருஷம் மாமா, ஒரு நாள்கூட நிக்கல. நம்பலன்னா அம்மாவக் கேளுங்க." அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "நெசமாவா அக்கா? என் மெஷினும் ஓடுமா?" என்றார். பின்னால் மேளச் சத்தம், முன்னால் வரிசையில் கிண்ணத்தோடு நிற்கிற ஜனம், உன் முகம், கவிதா முகம். என் கையில் கரண்டி இருந்தது. "ஓடும் அண்ணே" என்றேன். முருகன் சந்நிதிக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட உட்கார்ந்தேன். நம் லைட் அஞ்சு வாட். கவிதாவிடம் அவர் மெஷினின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், நம் துணி துவைக்கிற மெஷினோடு ஒப்பிட்டுப் பார்க்க என்று எதையோ உளறி. முந்நூறு வாட்டுக்கு மேல் போட்டிருக்கிறது. நான் பத்தாங்கிளாஸ் தாண்டாதவள், எனக்கே கணக்கு வருகிறது. உனக்கு ஏன் வரவில்லை? ஏன் என்றால், "நம்ம வீட்ல ரெண்டு வருஷமா ஓடுது, அத வச்சுக் கணக்கப் பெருக்கிட்டேன்" என்று நீயே சொன்னாய். நீ பெருக்கியது என் சார்ஜரைத்தான் தம்பி. புதிதாகச் செய்த நாலு பேனலும் சனிக்கிழமை வெயிலில் நன்றாகத்தான் வேலை செய்யும். எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டு மாதத்தில் மழை வரும், உள்ளே தண்ணீர் வேர்க்கும். அங்கே அரிசி டின்னுக்குப் பின்னால் சார்ஜர் வைக்க நான் இருக்க மாட்டேன். இடி இடித்து மெஷின் நின்றால் அந்த மனுஷன் கட்டில் பக்கத்தில் கையை நீட்டிச் சிலிண்டரைத் தேடுவார்.

நீ இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படிப்பாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாததால், போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி நானே சுங்கை பாக்காப்புக்குப் போனேன். கவிதா ஜுருவில் ஷிப்ட் வேலைக்குப் போயிருந்தாள். அவள் அப்பா மட்டும் மூக்கில் டியூபோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கிப் போயிருந்தேன், பொய்யை ஒப்புக்கொள்ளப் போகிறவள் வெறுங்கையோடு போக முடியுமா? உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சார்ஜர், அரிசி டின், கறுப்பு டேப், ஒன்றையும் விடவில்லை. அவர் மூக்கு டியூபைச் சரிசெய்துகொண்டார். மெஷின் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னார்: "தைப்பூசத்தன்னிக்கு நீங்க ஓடும்னு சொன்னீங்க அக்கா. நீங்க சொன்னதாலதான் சிலிண்டர் கடைக்குப் போன் போட்டேன். நாளைக்குத்தான் இந்தப் பக்கம் வண்டி வருதாம், காலையில வந்து எடுத்துக்கிட்டுப் போறோம்னு சொல்லியிருக்காங்க."

நாளைக்கு. ஒரே ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால். உன் அப்பா அங்கேயே அவர் போனை வாங்கி, கடைக்குப் பேசி, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னதக் கேட்டுக் கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "மூச்சு வெசயம் அக்கா இது." தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவராகவே கேட்டார்.

"அந்த சார்ஜர்ல போட்ட பேட்டரி, கரண்ட் போனாலும் லைட்ட எரிக்குமா?"

"எரிக்கும் அண்ணே. லைட்டுதானே, ராத்திரி பூரா எரியும்."

"அப்ப பெரிய பேட்டரியா வாங்கி, வீட்டுக் கரண்ட்லயே எப்பவும் சார்ஜர் போட்டு வச்சா, கரண்ட் போறப்ப என் மெஷின் கொஞ்ச நேரம் ஓடுமா ஓடாதா?"

நானும் உன் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டின மனுஷன், மூச்சு விடவே கஷ்டப்படுகிறவர், ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வருஷமாக நான் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தது எதுவோ, அதுதான் அவருக்கு வேண்டியது. கரண்ட் இருக்கும்போது ஏற்றி வைத்துக்கொண்டு, இல்லாதபோது எடுப்பது. இதற்கு நீ கூரையில் ஏறவே வேண்டாம். கரண்ட் சாமான் கடையில் முறையாகச் செய்ததை வாங்கி, லைசென்ஸ் இருக்கிற ஒயர்மேனைக் கூப்பிட்டு மாட்டினால் போதும். "மாப்பிள்ள பேனல் பகல்ல ஏதாச்சும் குடுத்தா குடுக்கட்டும். அவரு ஆசையா செஞ்சாரு. ஆனா சிலிண்டர் இருக்கும்" என்றார். நாங்கள் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "கவிதாகிட்ட நான் சொல்லல. அத மாப்பிள்ளையே சொல்லட்டும்."

ஆகவே சனிக்கிழமை உனக்கு அங்கே வேலை இருக்கிறது. பேனலைக் காடியிலேயே விட்டுவிட்டு முதலில் அவரிடம் போய் உட்கார். நான் கணக்குப் பார்க்காமல் பேசிவிட்டேன் மாமா என்று சொல். அப்புறம் கவிதாவிடம் சொல். அவள் கோபப்படுவாள், படட்டும். அம்மா என்னை ஏமாற்றிவிட்டாள் என்று என் தலையில் மட்டும் போட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. என் பங்கை நான் போய்ச் சொல்லிவிட்டேன், உன் பங்கு உன்னிடம் இருக்கிறது. கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம், எல்லா வீட்டிலும் சொல்வார்களாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள் "நல்லா இருக்கு" என்று சொன்னால் அதை நம்பி வீடு கட்டாதே. நீயே ஏணியில் ஏறிப் பார். அவளிடமும் நீ சும்மா "நல்லா இருக்கு" என்று சொல்லாதே. குறையைக் கண்டால் அன்றைக்கே, சின்னதாக இருக்கும்போதே சொல்லிவிடு. நான் அந்த மூன்று விரிசலை அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், அப்புறம் பிரித்துச் சரியாகச் செய்திருப்பாய். செய்யக்கூடியவன்தான் நீ. அதைக்கூட நான் நம்பவில்லை பார், அதுதான் நான் உனக்குச் செய்த பெரிய துரோகம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சார்ஜரைப் பிடுங்கி அப்பாவின் பெட்டியில் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை லைட் எரிந்தது. செவ்வாய்க்கிழமை அணைந்தது. உன் பேனலைக் கீழே இறக்கச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து, விரிசல் இருக்கிற மூன்று செல்லுக்கும் மேலே சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். ஃபேக்டரி வேலையை விட்டு வரும்போது எடுத்து வந்த பேனா இன்னும் எழுதுகிறது. பேனலைத் தூக்கிப் போடவில்லை. வந்து பார், பிரித்துச் செய்ய வேண்டுமென்றால் சாப்பாட்டு மேசை உனக்குத்தான்.

இந்த மூன்று நாளாக ஏழு மணிக்கு உன் அப்பாவைப் போனை எடுக்கச் சொன்னேன். "அம்மா குளிக்குது" என்றாராம் மூன்று நாளும். அவர் இந்த வேலைக்குப் புதுசு. எனக்கு உன்னிடம் பேசப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. லைட்டுக்காக நான் பொய் சொல்லவில்லை தம்பி. உனக்காக என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. லைட் எரியவில்லை என்றால் நீ எதற்காக என்னைக் கூப்பிடுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் மத்தியானம் மத்தியானம் பிளக்கைப் போட்டது அதற்காகத்தான்.

இந்தக் கடிதம் வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்றார் கூரியர் கடைப் பெண். அன்றைக்கும் ஏழு மணி வரும். சாமி ரூம் லைட் எரியவில்லை, அதைக் கேட்க வேண்டாம். ஆனாலும் கூப்பிடு. சாப்பிட்டியாம்மா என்று கேள். உண்மையைச் சொல்கிறேன்.

அம்மா